போர்க்கப்பல் எஞ்சினைக் கரையில் ஓட்டிப் பார்ப்பது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொச்சியில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்துவிட்டு இப்போது குழித்துறையில் வீட்டோடு இருக்கிறேன். களியக்காவிளை தாண்டினால் கேரளம் என்பதால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கொச்சிதான் வேலை தரும் ஊர். தூத்தூர், வள்ளவிளை மீனவர்களும் கொச்சியின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில்தான் படகை நிறுத்துகிறார்கள். கொச்சியில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த பிறகு, ஐடிஐ மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கப்பல் எஞ்சினைப் பற்றி என்னிடம் கேட்பது அதிகமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எஞ்சினைக் கப்பலில் பொருத்திவிட்டே ஓட்டிப் பார்க்கலாமே? கரையில் எதற்குத் தனியாக ஒரு சோதனை?

தேங்காய்ப்பட்டணத்தில் ஃபைபர் வள்ளத்து எஞ்சினைப் பழுது பார்ப்பவர் என்ன செய்கிறார்? ஒரு டிரம் நிறையத் தண்ணீர் ஊற்றி, எஞ்சினின் வாலை அதில் முக்கி, கயிற்றை இழுத்து ஓட்டிப் பார்க்கிறார். அலை தாண்டிப் போன பிறகு எஞ்சின் நின்றால் உயிருக்கே ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். போர்க்கப்பலுக்கும் காரணம் இதுவேதான்.

போர்க்கப்பலில் இன்னொரு சிக்கலும் உண்டு. வள்ளத்து எஞ்சினை இரண்டு பேர் தூக்கிக் கரையில் வைத்துவிடலாம். கப்பலின் கியர்பாக்ஸோ அடித்தளத்தில், பல தளங்களுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். அதை வைத்த பிறகுதான் மேல்தளங்களை மூடி வெல்டிங் செய்வார்கள். அதற்குமேல் குழாய்கள், அதற்குமேல் கேபிள்கள், அதற்குமேல் அறைகள். பேரிங்கில் குறை இருப்பது அப்போது தெரிய வந்தால் இவை அத்தனையையும் அறுத்துத்தான் உள்ளே போக வேண்டும். கரையில் என்றால் கிரேன் மேலேயே நிற்கிறது, மூடியைக் கழற்றினால் குறை கண்முன்னே இருக்கிறது. ஒரு நாளில் முடிகிற வேலை கப்பலுக்குள் ஓராண்டை விழுங்கிவிடும்.

சோதிப்பது எஞ்சினை மட்டும்தானா?

இல்லை. கப்பலை ஓட வைப்பது ஒரு சங்கிலி. வாயு டர்பைன் (எரிபொருளை எரித்த சூடான வாயுவால் சுழலும் எஞ்சின்) அல்லது டீசல் எஞ்சின், அதையடுத்துக் கிளட்ச், கியர்பாக்ஸ், சுழல்தண்டான ஷாஃப்ட், தள்ளுவிசையைக் கப்பலின் உடலுக்குக் கடத்தும் திரஸ்ட் பேரிங், கடைசியில் புரொப்பல்லர். இவற்றுக்கெல்லாம் எண்ணெய் ஊட்டும் பம்புகளும் கட்டளையிடும் கணினியும் தனி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழிற்சாலையில் பிறக்கிறது. அங்கேயே சோதித்து முத்திரையும் குத்தப்படுகிறது. வம்பு இருப்பது ஒன்று இன்னொன்றோடு சேரும் இடத்தில்தான்.

அமெரிக்காவின் ஃபிரீடம் வகைக் கப்பல்களில் டீசலும் டர்பைனும் ஒரே கியர்பாக்ஸில் வந்து சேரும். அவற்றில் ஒன்றான மில்வாக்கி, 2015 நவம்பரில் கடற்படையில் சேர்ந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பரில் நடுக்கடலில் நின்றுபோய் விர்ஜீனியாவுக்கு இழுத்துவரப்பட்டது. எண்ணெய் ஃபில்டரைத் திறந்தால் உலோகத் துகள்கள். கிளட்ச் விலக வேண்டிய நேரத்தில் விலகாமல் சுழன்று தன்னைத்தானே தேய்த்துக்கொண்டிருந்தது. எஞ்சின் நல்ல எஞ்சின், கியர்பாக்ஸைச் செய்தவர்களும் தேர்ந்தவர்கள். ஆனாலும் இரண்டும் சந்திக்கும் இடம் கெட்டது. பின்னர் இதே வகைக் கப்பல்களின் கியர்பாக்ஸ் பேரிங்கில் வடிவமைப்புக் குறையே வெளிப்பட்டு, 2021 தொடக்கத்தில் கட்டி முடித்த புதிய கப்பல்களைப் பெற்றுக்கொள்வதையே அமெரிக்கக் கடற்படை நிறுத்தி வைத்தது.

அதனால்தான் பொறுப்பான கடற்படைகள், சங்கிலி முழுவதையும் கப்பலில் இருக்கும் அதே வரிசையில் ஒரு கொட்டகைக்குள் கோத்து ஓட்டுகின்றன. அமெரிக்காவுக்கு ஃபிலடெல்ஃபியாவிலும் பிரிட்டனுக்கு லெஸ்டர்ஷயரின் வெட்ஸ்டோனிலும் இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. நம் நாட்டில் விசாகப்பட்டினத்து ஐஎன்எஸ் எக்சிலா, கடற்படை டர்பைன்களைப் பிரித்துப் பழுது பார்த்து ஓட்டிப் பார்க்கும் தளம்.

கரையில் புரொப்பல்லரும் இல்லை, கடலும் இல்லை. எஞ்சினின் சக்தி எங்கே போகும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சுமை இல்லாமல் எஞ்சினை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது சோதனை ஆகாது. காலி லாரி ஏற்றத்தில் ஏறுவதை வைத்துக் கற்பாறை ஏற்றிய லாரியைக் கணிக்க முடியாது அல்லவா?

கரையில் கடலுக்குப் பதிலாக ஷாஃப்டின் முனையில் ஒரு நீர்த்தடையைப் பொருத்துவார்கள். கனமான இரும்புக் கூட்டுக்குள் கிண்ணம் கிண்ணமாகக் குழிந்த ஒரு சக்கரம் சுழலும். எதிரே அதேபோல் குழிந்த சுவர். நடுவில் தண்ணீர் பாயும். சக்கரம் தண்ணீரை வீச, சுவர் அதைத் திருப்பி அடிக்க, எஞ்சினின் வலிமை முழுவதும் தண்ணீரைக் கலக்குவதிலேயே தீர்ந்து வெப்பமாகிவிடும். தண்ணீரின் அளவைக் கூட்டினால் சுமை கூடும், குறைத்தால் குறையும். கூடு தானும் சுழலப் பார்க்கும். அதை நெம்புகோல் போன்ற ஓர் இரும்புக் கை பிடித்து நிறுத்தும். அந்தக் கையில் விழும் விசையையும் ஷாஃப்ட் சுழலும் வேகத்தையும் அளந்தால் எஞ்சினின் திறன் தெரிந்துவிடும். இங்கிலாந்தின் வில்லியம் ஃபிரௌட் 1877இல், பெரிய கப்பல் எஞ்சின்களின் திறனை அளப்பதற்கென்றே வடிவமைத்த கருவி இது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

இதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். விக்ராந்தின் நான்கு டர்பைன்களும் சேர்ந்து 88 மெகாவாட், ஒன்றுக்கு 22. இந்த 22 மெகாவாட்டும் வெப்பமாகி, 30 டிகிரியில் உள்ளே போகும் தண்ணீரை 60 டிகிரியில் வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 175 லிட்டர் தேவை. நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 70 நொடிக்குள் காலியாகிவிடும். ஆகவே சோதனைத் தளம் என்றாலே தண்ணீரைக் குளிரவைத்துத் திரும்பவும் சுழற்றும் கோபுரங்கள் பக்கத்தில் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எஞ்சினைவிட அந்தக் கோபுரங்கள்தான் பெரிதாகத் தெரியும்.

எவ்வளவு நேரம் ஓட்டுவார்கள்? எதைப் பார்ப்பார்கள்?

சில மணி நேரத்தில் முடியும் சோதனையும் உண்டு, ஆயிரக்கணக்கான மணி நேரம் நீளும் தாங்குதிறன் சோதனையும் உண்டு. நீண்ட ஓட்டத்தின் அருமையை உணர அமெரிக்காவின் ஐடஹோ பாலைவனத்தில் 1953இல் நடந்ததைச் சொன்னால் போதும். உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸுக்கு ஒத்திகையாக, கடலே இல்லாத அந்த மண்ணில், நீர்மூழ்கியின் உடல் போன்ற இரும்புக் கூட்டுக்குள் ஓர் அணு உலையை அமைத்திருந்தார்கள். முழுத் திறனில் 24 மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தத்தான் பொறியாளர்கள் நினைத்தார்கள். பொறுப்பில் இருந்த ரிக்கோவர் நிறுத்தவிடவில்லை. அட்லாண்டிக்கின் வரைபடத்தைச் சுவரில் மாட்டச் சொல்லி, கப்பல் போய்க்கொண்டிருப்பதாகவே பாவித்து அதில் இடத்தைக் குறிக்கச் சொன்னார். அறுபதாவது மணி நேரத்தில் ஜெனரேட்டர் பிரஷ்களின் கார்பன் தூள் மின்காப்பைக் கெடுக்கத் தொடங்கியது. ஒரு பெரிய பம்பு கவலைப்படும்படி இரைந்தது. நீராவியைத் தண்ணீராக்கும் கண்டென்சரில் ஒரு குழாய் விட்டுப்போய் நீராவி அழுத்தம் இறங்கியது. ஓட்டம் நிற்கவில்லை. வரைபடத்தில் கடலைக் கடந்து முடித்த பிறகே நிறுத்தினார்கள். ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் அந்தக் குறைகளெல்லாம் நாட்டிலஸுக்குள் போயிருக்கும். 1955 ஜனவரி 17 அன்று அந்தக் கப்பல் அணுசக்தியில் கடலுக்குப் புறப்பட்டது.

பார்ப்பவை என்றால் வெப்பம், அழுத்தம், அதிர்வு, எண்ணெய். அளவிகள் ஆயிரம் இருந்தாலும் நான் கடைசியில் நம்புவது ஃபில்டரைத்தான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த ஃபிட்டரை நாங்கள் ஆசான் என்றுதான் அழைப்போம். ஓட்டம் முடிந்து எண்ணெய் சூடாக இருக்கும்போதே ஃபில்டரைக் கழற்றுவார். அதன் தாளைப் பிளேடால் அறுத்து, துவைத்த வெள்ளை வேட்டித் துண்டின்மேல் மடிப்பு மடிப்பாக விரிப்பார். வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்ப்பார். கறுப்பாக மட்டும் இருந்தால் பேசாமல் மடித்து வைத்துவிடுவார். பொன்னிறத்தில் மினுமினுப்புத் தெரிந்தால் வெண்கலம், எங்கோ ஒரு புஷ் (தண்டைச் சுற்றியிருக்கும் உலோக உறை) தேய்கிறது. வெள்ளி நிறமாக இருந்து காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, கியர் பல்லோ பேரிங்கோ உரிகிறது. ஒட்டாத வெள்ளி நிறம் என்றால் பேரிங்கின் உள்பூச்சு. எந்த அளவி முள்ளும் அசையாத நாளில்கூட அந்தத் துண்டைப் பார்த்து அவர் வேலையை நிறுத்தியதை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன்.

விக்ராந்துக்கு இதெல்லாம் எப்படி நடந்தது?

எல்எம்2500 டர்பைன்களைப் பெங்களூருவில் ஹெச்ஏஎல் நிறுவனம் கோத்துச் சோதித்துக் கொடுத்தது. கியர்பாக்ஸ்கள் குஜராத்தின் எலிகான் நிறுவனத்திடமிருந்து வந்தன. கப்பலில் பொருத்திய பிறகு, துறைமுகத்தில் கட்டிப் போட்ட நிலையிலேயே எஞ்சின்களை ஓட்டும் பேசின் சோதனை 2020 நவம்பர் 30 அன்று நடந்தது. கட்டிப் போட்ட கப்பலை முழுத் திறனில் ஓட்ட முடியாது. கயிறும் தாங்காது, கரைச்சுவரும் தாங்காது. முழுத் திறனைக் காண 2021 ஆகஸ்டில் கடலுக்குப் போனார்கள்.

இதில் ஒரு நுணுக்கத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். புரொப்பல்லர் கேட்கும் சக்தி வேகத்தின் கனத்துக்கு ஏற்ப உயரும்; வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. 28 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்துக்கு 88 மெகாவாட் என்றால் 14 நாட் வேகத்துக்கு அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு போதும். எனவே "பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம், நன்றாக இருந்தது" என்று யாராவது சொன்னால், எட்டில் ஏழு பங்கு இன்னும் சோதிக்கப்படவில்லை என்று பொருள்.

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

நோக்கம் ஒன்று. காவல்கிணறு வழியாகப் போகும்போது நாம் பார்க்கும் அந்த மலையடிவாரத்தில் இஸ்ரோ செய்வதும், பறக்கும் முன் தரையில் கட்டிப்போட்டு எரித்துப் பார்ப்பதுதான். ஆனால் காலக்கணக்கு வேறு. 2022 ஜனவரியில் ககன்யானுக்கான கிரையோஜெனிக் எஞ்சினை அங்கே 720 நொடி ஓட்டியது நீண்ட சோதனையாகப் பேசப்பட்டது. அது பன்னிரண்டு நிமிடம். கப்பல் எஞ்சின் வாரக்கணக்கில் ஓடி, பழுது பார்க்கப்பட்டு, மறுபடியும் ஓடி, முப்பது ஆண்டு உழைக்க வேண்டும்.

அணுசக்தி நீர்மூழ்கிக்கும் கரையில் மாதிரி கட்டுவார்களா?

கட்டினார்கள், அதுவும் தமிழ்நாட்டு மண்ணில். நம் அணுசக்தி நீர்மூழ்கியான அரிஹந்துக்கான உலையின் முன்மாதிரி கல்பாக்கத்தில் அமைந்தது. 2003 நவம்பரில் அதில் தொடர்வினை தொடங்கியது; 2006 முதல் முழுமையாக இயங்கியது. 2009 ஆகஸ்டில்தான் வெளியுலகுக்கு அதைக் காட்டினார்கள். அரிஹந்தை ஓட்டப்போகும் மாலுமிகள் பயிற்சி பெற்றதும் அங்கேதான். கப்பல் 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கியது; அதன் சொந்த உலை 2013 ஆகஸ்ட் 10 அன்றுதான் இயங்கத் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டு முன்பே கல்பாக்கத்து உலை ஓடத் தொடங்கிவிட்டது.

கரை மாதிரியைக் கப்பல் கட்டி முடித்ததும் மூடிவிடக் கூடாது என்பதற்கு ஸ்காட்லாந்தின் வல்கன் தளம் சாட்சி. அங்கே பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளில் இருப்பது போன்ற உலையைக் கப்பல்களுக்கு முன்னாலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பலுக்கு வரப்போகும் முதுமை இதற்கு முதலில் வரட்டும் என்பது எண்ணம். 2012 ஜனவரியில் அந்த உலையைக் குளிர்விக்கும் நீரில் சிறிதளவு கதிரியக்கம் தென்பட்டது. எரிபொருள் உறையில் கண்ணுக்குத் தெரியாத அளவு கீறல். அதை வைத்தே, வேன்கார்ட் நீர்மூழ்கிக்குப் புதிய எரிபொருள் இட 2014இல் முடிவெடுத்தார்கள்.

அணு இல்லாத நீர்மூழ்கிக்கும் இதே வழிதான். காற்று வாங்க மேலே வராமல் நீண்ட நேரம் மூழ்கியிருக்க உதவும் எரிபொருள் மின்கல அமைப்பின் கரை மாதிரியை, மும்பைக்கு அருகே அம்பர்நாத்தில் டிஆர்டிஓ ஆய்வகம் 2021 மார்ச் 8 அன்று ஓட்டி நிரூபித்தது. நீண்டநேர ஓட்டம், உச்சத் திறன் என இரண்டு விதமாகவும் ஓட்டினார்கள்.

கரையில் தேறிய எஞ்சின் கடலில் கெடாதா?

கெடும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதி உண்மையாகிவிடும்.

பிரிட்டனின் டைப் 45 நாசகாரிக் கப்பல்கள் ஆறு. அவற்றின் டபிள்யூஆர்-21 டர்பைனில் எரிபொருளை மிச்சப்படுத்த ஒரு குளிரூட்டி அமைப்பைச் சேர்த்திருந்தார்கள். டர்பைனையும் மின் அமைப்பையும் கரையில் ஓட்டிப் பார்க்கவும் செய்தார்கள். ஆனால் கப்பல்கள் வளைகுடாவின் சூடான நீருக்குப் போனபோது டர்பைன் தடுமாறியது; அது நின்றதும் மொத்தச் சுமையும் டீசல் ஜெனரேட்டர்கள்மேல் விழ, அவையும் தாங்காமல் கப்பலே இருட்டானது. இப்போது ஒவ்வொரு கப்பலிலும் இரண்டு டீசல் ஜெனரேட்டர்களை எடுத்துவிட்டு மூன்று பெரியவற்றை வைக்கிறார்கள். முதலில் இந்த வேலைக்கு வந்த டாண்ட்லஸ் 2020இல் பட்டறைக்குள் போய், 2022இல்தான் மறுபடியும் கடலுக்கு வந்தது.

நம் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. கடல்நீரும் காற்றும் சூடாக வந்தால் குளிரூட்டிகளின் பலன் குறையும். சூடான காற்று லேசானது என்பதால் டர்பைனின் திறனும் இறங்கும். எனவே குளிர்நாட்டுச் சோதனைச் சான்றிதழை அப்படியே ஏற்பது அறிவுடைமை அல்ல. காவிரி என்ற நம் ஆற்றின் பெயர் தாங்கிய டர்பைனின் கடற்படை வடிவத்தை எக்சிலாவில் ஓட்டியபோது, 12 மெகாவாட் திறனை 35 டிகிரி வெப்ப நிலைக்குக் காட்டினார்கள். கேட்க வேண்டிய எண் அதுதான்.

கரையில் காட்டவே முடியாதவையும் உண்டு: கப்பல் உருளும்போது எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்குவது, அலையில் புரொப்பல்லர் பாதி வெளியே வந்து சுமை திடீரென்று விடுவது, உப்புக் காற்று, நீர்வாயில் அடைக்கும் சொறிமீன் கூட்டம். கப்பலின் உடலும் அசையாத கான்கிரீட் அல்ல. மதிய வெயிலில் மேல்தளம் விரிந்து முழு உடலும் லேசாக வளையும். அதனால் ஷாஃப்ட் நேர்கோட்டில் இருக்கிறதா என்பதை வெயில் ஏறும் முன் விடியற்காலையில்தான் அளப்போம். நீரில் இறக்கிய பின் மறுபடியும் அளப்போம்.

நீங்கள் நேரில் கண்ட தோல்வி ஏதாவது உண்டா?

உண்டு. போர்க்கப்பல் அல்ல, துறைமுகத்தில் வேலை செய்யும் ஓர் இழுவைப் படகு. அதன் புதிய கியர்பாக்ஸைச் செய்த பட்டறை, அரைச் சுமைக்கும் குறைவாக இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. முழுச் சுமைக்கு நீர்த்தடை அவர்களிடம் இல்லை. வாங்கியவர்களும் கேட்கவில்லை, ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டதுதான் காரணம். நான் கேட்டேன், ஆனால் கேட்டதை எழுத்தில் கொடுக்கவில்லை. அது என் தவறு.

வைப்பின் கடற்கரைக்கு வெளியே முதல் முறையாக முழு இழுப்புக் கொடுத்தோம். பின்பக்கத்துப் பேரிங்கின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் கை வைக்க முடியவில்லை. முப்பதாவது நிமிடத்தில் எண்ணெய் கருகும் வாடை வந்தது. கியர்பாக்ஸை வெளியே எடுக்க மேல்தளத்தில் இரண்டு மீட்டர் சதுரத்துக்கு இரும்பை அறுத்தோம். வெல்டர்கள் போட்ட கோட்டை அவர்களே அறுத்தபோது யாரும் பேசவில்லை. உள்ளே இருந்த குறை, எண்ணெய்த் துளை ஒன்று பாதி அடைபட்டிருந்தது, அவ்வளவுதான். கரையில் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான்கு மாதம் போயிற்று.

இவ்வளவு செலவு தேவையா? அந்தப் பணத்தில் இன்னொரு கப்பல் கட்டலாமே?

ஓடாத இரண்டு கப்பலைவிட ஓடும் ஒரு கப்பல் மேல். மேலும் கரைத் தளம் ஒரு கப்பலோடு தீர்ந்துபோவதில்லை. அந்த வகையில் எத்தனை கப்பல் வந்தாலும், பிறகு கணினி நிரலை மாற்றினாலும், புதிய மாலுமிகள் வந்தாலும் அங்கேதான் முதலில் பழக வேண்டும்.

என் மகன் ஐடிஐ படிக்கிறான். இந்த வேலைக்குப் போக எந்தப் பிரிவு நல்லது?

ஃபிட்டர், டீசல் மெக்கானிக், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் ஆகிய எல்லாப் பிரிவுக்கும் இடமுண்டு. டயல் கேஜைப் பிடித்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை வாசிக்கவும், வாசித்ததை அப்போதே குறிப்பேட்டில் எழுதவும் பழகச் சொல்லுங்கள். பிடிக்காத எண் வந்தாலும் அதே எண்ணைத்தான் எழுத வேண்டும். மகள் படித்தாலும் இதே பதில்தான்.

நாங்கள் தூத்தூர் பக்கத்து மீனவர்கள். எங்கள் விசைப்படகுக்கு இதில் ஏதாவது பயன்படுமா?

நிச்சயமாக. புதிய எஞ்சினோ புதுப்பித்த கியர்பாக்ஸோ வாங்கும்போது எவ்வளவு சுமையில், எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் ஐம்பது மணி நேரத்தில் ஃபில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்து வெள்ளைத் துணியில் விரித்துப் பாருங்கள். ஒரு காந்தத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படகு கரையில் ஏற்றி வைத்திருக்கும்போது சரிபார்த்த ஷாஃப்டை அப்படியே நம்ப வேண்டாம். தண்ணீரில் இறக்கி, ஐஸும் டீசலும் நிரப்பி, படகு தன் முழு எடையில் அமர்ந்த பிறகு, விடியும் முன் ஷாஃப்டை இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி இரண்டு முகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். நான்கும் ஒத்து வரவில்லை என்றால் அன்றைக்குக் கடலுக்குப் போக வேண்டாம்.